என் உள்ளத்தை நான் அறிவேனா?



பேருந்தில் பயணம் செய்கின்றீர்கள். வீதியோரத்தில் ஓர் ஆலயம் தென்படுகின்றது. அருகில் இருப்பவரோடு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் பேச்சு தடைப்படவில்லை. ஆயினும் உங்கள் வலது கரம் நெற்றிக்குச் சென்று, மார்புக்கு இறங்கி, தோள்களைத் தொட்டு மீள்கின்றது. சிலுவை அடையாளம் வரைந்து முடிந்துவிட்டது. இப்பொழுது ஒரு கேள்வி. கையை உயர்த்த வேண்டும் என்று எந்தக் கணத்தில் நீங்கள் தீர்மானித்தீர்கள்?

சிறிது சிந்தித்தால், இதற்கு விடை கூறுவது இலகுவன்று என்பது புலப்படும். கையை அசைத்தவர் நாம்தான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணம் பிறந்த கணத்தை நாம் கண்டோமா? அல்லது கை அசைந்த பின்னர், "நானே அசைத்தேன்" என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோமா?

இது வீண் தர்க்கம் என்று சிலருக்குத் தோன்றலாம். அவர்களுக்காக இதே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்போம். பிள்ளையை அடிக்கக் கை ஓங்கிய கணத்தில், அடிக்க வேண்டும் என்று எண்ணினீர்களா? உடன்பிறந்தவரின் மனதைப் புண்படுத்திய அந்த ஒரு சொல்லை, புண்படுத்தும் நோக்கத்தோடுதான் கூறினீர்களா? ஒப்புரவு அருட்சாதனத்தை நாடி வருகின்ற நாம் "வேண்டுமென்றே செய்தேன்" என்கிறோம். அல்லது "வேண்டுமென்று செய்யவில்லை" என்கிறோம். இவ்விரு கூற்றுக்களும் ஒரே நம்பிக்கையின் மீது நிற்கின்றன. நம் உள்ளத்தின் நோக்கத்தை நாமே சரியாகக் காண்கிறோம் என்பதே அந்த நம்பிக்கை. அது எவ்வளவு உறுதியானது?

ஆய்வுகூடத்தில் ஒரு கடிகாரம்

இக்கேள்வியை ஆய்வுகூடத்திற்குக் கொண்டு சென்றவர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் பெஞ்சமின் லிபெட். 1916இல் பிறந்து 2007இல் மறைந்த இவர், தம் சகாக்களோடு இணைந்து 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்றளவும் பேசப்படுகின்றது.

அவருக்கு முன்னரே ஓர் அடித்தளம் இடப்பட்டிருந்தது. ஜேர்மனியின் பிரைபூர்க் நகரில் கோர்ன்ஹூபர், டீக்கே என்னும் இருவர், மனிதர் தம் விருப்பப்படி விரலை அசைக்கும் முன்னரே மூளையில் மெதுவாக எழும் ஒரு மின்மாற்றத்தைக் கண்டறிந்து 1965இல் வெளியிட்டிருந்தனர். உடல் செயலுக்கு ஆயத்தமாவதைக் காட்டும் அறிகுறி என்பதால், அதனை ஆயத்த மின்னழுத்தம் என அழைக்கலாம். அப்படியாயின், அந்த ஆயத்தம் தொடங்கும் கணத்தில்தான் மனிதரும் "அசைக்கப் போகிறேன்" என்று உணர்கின்றாரா? இதனையே லிபெட் அறிய விரும்பினார்.

சோதனை எளிமையானது. முன்வந்த ஒருவர் நாற்காலியில் அமர்த்தப்படுவார். மூளையின் மின்னலைகளைப் பதிவதற்காகத் தலையிலும், தசை அசையும் கணத்தைப் பதிவதற்காகக் கையிலும் மின்வாய்கள் பொருத்தப்படும். அவருக்கு எதிரே ஒரு கடிகாரம் இருக்கும். அதில் முள்ளுக்குப் பதிலாக ஓர் ஒளிப்புள்ளி, 2.56 செக்கனுக்கு ஒரு முறை வட்டமாகச் சுற்றி வரும். "விரும்பிய வேளையில் மணிக்கட்டை மடக்குங்கள். முன்கூட்டியே திட்டமிட வேண்டாம். அசைக்க வேண்டும் என்னும் உந்துதலை முதன்முதலில் உணர்ந்தபோது ஒளிப்புள்ளி எங்கே நின்றது என்பதை மட்டும் பின்னர் கூறுங்கள்" என்பதே அவர்களுக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தலின் சாரம். இவ்வாறு 40 முறை அசைத்து, அவற்றின் சராசரி பெறப்பட்டது.

முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. தசை அசைவதற்கு ஏறத்தாழ அரைச் செக்கனுக்கு முன்னரே, அதாவது 550 மில்லிசெக்கன் அளவில், மூளையின் ஆயத்தம் தொடங்கியிருந்தது. ஆனால் "அசைக்கப் போகிறேன்" என்னும் உணர்வு வந்ததாக அவர்கள் சுட்டிய கணமோ, அசைவுக்கு 200 மில்லிசெக்கன் முன்னர் மட்டுமே. மனிதர் தம் விருப்பத்தை அறிவதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு செக்கன் முன்னதாகவே மூளை வேலையைத் தொடங்கிவிட்டது போல் தோன்றியது.

இதனைக் கேள்வியுற்ற சிலர், "மனிதருக்குச் சுதந்திர விருப்பம் என்று ஒன்றில்லை, மூளை தீர்மானிக்கின்றது, மனிதர் பின்னர் அறிகின்றார், அவ்வளவே" என்று எழுதினர். இக்கூற்று உண்மையாயின், விசுவாசிகளாகிய நமக்கு எதுவும் எஞ்சியிராது. தெரிவு செய்யாதவர் பாவம் செய்ய முடியாது. பாவம் இல்லையேல் மனமாற்றமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அன்பும் கூட வெறும் தசை அசைவாகிவிடும். ஆகவே, இவ்வாய்வு உண்மையில் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதை நாம் பொறுமையோடு நோக்க வேண்டும்.

சாட்சி எவ்வளவு துல்லியமானவர்?

இச்சோதனையில் இரண்டு நேரங்கள் ஒப்பிடப்படுகின்றன. ஒன்றைக் கருவி அளக்கின்றது. மற்றையதை மனிதர் தாமே கூறுகின்றார். அந்த மனிதரின் சாட்சியம் எவ்வளவு துல்லியமானது?

இது பழைய பிரச்சினை. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வு நிலையத்தில், விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் இழையைக் கடக்கும் நேரத்தை, கண்ணால் விண்மீனையும் காதால் கடிகாரத்தின் ஒலியையும் ஒருசேரக் கவனித்தே குறிப்பர். அங்கே தலைமை வானியலாளராக இருந்த மஸ்கெலின், தம் உதவியாளரான கின்னெபுரூக் தம்மைவிட 0.8 செக்கன் பிந்திக் குறிப்பதைக் கண்டு, 1796இல் அவரைப் பணியிலிருந்து நீக்கினார். பின்னாளில் பெசல் என்னும் ஜேர்மானிய வானியலாளர் இதனை ஆராய்ந்தபோது, தேர்ந்த வானியலாளர்களுக்கிடையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு என்பது தெரியவந்தது. அது உதவியாளரின் அசட்டையால் நேர்ந்ததன்று. இரண்டு வெவ்வேறு உணர்வுகளை ஒரே கணத்தில் பொருத்திப் பார்ப்பது மனித உள்ளத்திற்கு இயல்பாகவே கடினமானது.

விண்மீனையும் கடிகார ஒலியையும் பொருத்துவதே இவ்வளவு கடினமாயின், உள்ளத்தில் எழும் மெல்லிய உந்துதலைச் சுழலும் ஒளிப்புள்ளியோடு பொருத்துவது எத்தகையது? லிபெட் நேர்மையான ஆய்வாளர். தம் சாட்சிகளை அவரே பரிசோதித்தார். கையில் ஒரு சிறு தூண்டலைக் கொடுத்து, அதனை உணர்ந்த நேரத்தைக் கேட்டார். உண்மையான நேரத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிசெக்கன் முன்னதாகவே அவர்கள் சுட்டினர்.

பின்வந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாகச் சென்றன. 2009ஆம் ஆண்டில் பாங்ஸ், இஷாம் என்னும் இரு ஆய்வாளர்கள், பொத்தானை அழுத்திய சில மில்லிசெக்கன்களுக்குப் பின்னர் ஒரு ஒலியை எழுப்பினர். ஒலி பிந்தப் பிந்த, "நான் தீர்மானித்தது இந்தக் கணத்தில்" என்று மக்கள் சுட்டிய நேரமும் பிந்தியது. செயல் முடிந்த பின்னர் எழுந்த ஒலி, செயலுக்கு முன்னைய தீர்மானத்தின் நேரத்தை எவ்வாறு மாற்ற முடியும்? நாம் நம் தீர்மானத்தின் கணத்தை முழுவதும் நேரே காண்பதில்லை. செயலைக் கண்டு, அதிலிருந்து பின்னோக்கி ஓரளவு ஊகிக்கின்றோம் என்பதே அவர்களின் விளக்கம்.

பிரான்சில் டெமூர்ஜே குழுவினர் அதே 2009இல் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்பானது. மூளையில் கட்டி அகற்றப்படும் சத்திரசிகிச்சையின்போது, விழித்திருந்த ஏழு நோயாளரின் மூளை மேற்பரப்பு மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டப்பட்டது. ஓரிடத்தைத் தூண்டியபோது, கையையோ காலையோ அசைக்க வேண்டும் என்னும் விருப்பம் எழுந்ததாக அவர்கள் கூறினர். தூண்டலைக் கூட்டியபோது, அசைத்துவிட்டதாகவே கூறினர். ஆனால் தசை சிறிதும் அசையவில்லை. வேறோர் இடத்தைத் தூண்டியபோது உறுப்புகள் அசைந்தன; அவர்களோ தாம் அசையவில்லை என்றனர். நோக்கத்தின் உணர்வும் செயலும் பெரும்பாலும் கைகோத்துச் செல்கின்றன. ஆனால் அவை இரண்டும் ஒன்றல்ல.

சரி, அந்த 550 மில்லிசெக்கன் ஆயத்தம் பற்றி என்ன கூறலாம்? 2012ஆம் ஆண்டில் ஷூர்கர் என்பவரும் சகாக்களும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். கடற்கரையில் வள்ளத்தைத் தள்ளக் காத்திருக்கும் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். "விரும்பிய வேளையில் தள்ளலாம்" என்று கூறினால், நீர் சற்று உயரும் வேளையில் அவர் தள்ளுவார். தள்ளிய கணங்களை மட்டும் எடுத்துப் பின்னோக்கிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நீர் உயர்ந்துகொண்டிருந்ததே தெரியும். அதனால் வள்ளத்தைத் தள்ளத் தீர்மானித்தது அலைதான் என்று கூறலாமா? மூளையிலும் ஓயாது ஏறி இறங்கும் அலைவுகள் உண்டு. காரணம் எதுவுமின்றி அசைக்கச் சொன்னால், அலைவு ஏறும் வேளையில் அசைவு நிகழ்கின்றது. ஆகவே, லிபெட் கண்டது மறைவாக எடுக்கப்பட்ட தீர்மானமாக இருக்க வேண்டியதில்லை. மேலும், 2019இல் மாவோஸ் என்பவரும் சகாக்களும் நடத்திய சோதனையில், எந்த அறப்பணி நிறுவனத்திற்கு நன்கொடை அளிப்பது என்று மக்கள் சிந்தித்துத் தெரிவு செய்தபோது, அந்த ஆயத்த மின்னழுத்தம் பெரும்பாலும் காணப்படவேயில்லை. பொருளற்ற மணிக்கட்டு அசைவைக் கொண்டு, பொருளுள்ள தெரிவுகளை அளக்க முடியாது என்பதை இது காட்டுகின்றது.

எனவே, விஞ்ஞானம் மனித சுதந்திரத்தை இல்லாததாக்கிவிட்டது என அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இங்கே நாம் வெற்றிக் களிப்போடு நின்றுவிடவும் கூடாது. சுதந்திரத்திற்கு எதிரான வாதத்தைத் தளர்த்திய அதே உண்மை, நம் பெருமையையும் தளர்த்துகின்றது. மணிக்கட்டை மடக்கும் எண்ணம் எப்போது எழுந்தது என்பதைக் கூடச் சரியாகக் கூற இயலாத நாம், நம் இதயத்தின் நோக்கங்களை முழுமையாக அறிவோம் என்று எவ்வாறு உரிமை கோரலாம்?

திருச்சபை முன்னரே அறிந்தது

இதனைக் கேட்டுத் திருச்சபை அதிர்ச்சியடையத் தேவையில்லை. புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் எட்டாம் பாகத்தில் இதே கை அசைவைப் பற்றிச் சிந்திக்கின்றார். உள்ளம் கையை அசையுமாறு பணிக்கின்றது. கட்டளைக்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே பிரித்தறிய முடியாதவாறு கை உடனே கீழ்ப்படிகின்றது. ஆனால் உள்ளம் தன்னையே நோக்கி "விரும்பு" எனப் பணிக்கும்போது, அது கீழ்ப்படிவதில்லையே என வியந்து வருந்துகின்றார். தன்னைத் தானே முழுமையாக ஆளவும் அறியவும் இயலாத விருப்பத்தை அவர் தமக்குள்ளேயே கண்டார்.

புனித தோமா அக்குவினார், மனிதரிடத்தில் நிகழும் செயல்களை இரண்டாகப் பிரித்தார். மனிதர் சிந்தித்து விரும்பிச் செய்பவை ஒரு வகை. மனிதரிடத்தில் நிகழ்ந்தாலும் சிந்தனையிலிருந்து பிறவாதவை மறு வகை. இரண்டாம் வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, வேறெதையோ நினைத்தவாறு காலையோ கையையோ அசைப்பதும் தாடியைத் தடவுவதுமாகும். முதல் வகையே நன்மை தீமை என மதிப்பிடத்தக்க மனிதச் செயல் என்றார். ஆகவே, உடல் அசைவு ஒவ்வொன்றின் பின்னாலும் தெளிவான ஒரு தீர்மானம் நிற்கின்றது என்று திருச்சபை கற்பித்ததேயில்லை.

எண்ணங்களைப் பற்றியும் இவ்வாறே. எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்து 399இல் மறைந்த துறவி எவாகிரியுஸ், தீய எண்ணங்கள் நம்மைத் தீண்டுவதும் தீண்டாதிருப்பதும் நம் கையில் இல்லை. அவை நம்மிடம் தங்குவதும் தங்காதிருப்பதுமே நம் கையில் உள்ளது எனக் கற்பித்தார். பிற்கால ஒழுக்க இறையியல் இதனை மேலும் தெளிவாக்கியது. விருப்பத்தைக் கேளாமலே எழும் முதல் அசைவு பாவமன்று. அறிந்து, அதற்கு இசைவு கொடுப்பதே பாவம்.

லிபெட் இவ்விடயத்தைத் தொட்டார் என்பது பலர் அறியாதது. 1999இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர், உள்ளத்தில் எழும் உந்துதலே பாவம் எனக் கொண்டால், கட்டுப்படுத்த முடியாத ஒன்றிற்காக ஏறத்தாழ அனைவருமே பாவிகளாகிவிடுவரே எனத் தம் ஐயத்தை வெளியிட்டார். அவருடைய ஐயத்திற்கு நம் மரபில் விடை உண்டு. ஆண்டவர் மலைப்பொழிவில் கண்டித்தது (மத்தேயு 5:28), கண்ணில் பட்டதனால் எழும் சலனத்தை அன்று. அந்த இச்சையோடு நோக்கும் நோக்கத்தையே.

அன்பான வாசகர்களே, உங்களுள் சிலர் தேவையற்ற பாரத்தைச் சுமக்கின்றீர்கள். திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் ஓர் அலங்கோலமான எண்ணம் வந்துவிட்டது என்பதற்காக நற்கருணை வாங்காமல் திரும்புவோர் உண்டு. நோயுற்ற பெற்றோரைப் பராமரித்துக் களைத்த வேளையில், "இவர் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற நினைவு ஒரு கணம் மின்னியதற்காக, அவர் இறந்த பின் ஆண்டுக்கணக்கில் தம்மையே கொலைகாரராக எண்ணி வருந்துவோர் உண்டு. அவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: அந்த நினைவு உங்களிடம் வந்தது, நீங்கள் அதனை அழைக்கவில்லை. மறுநாள் காலை எழுந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினீர்கள் அல்லவா? உங்கள் இசைவு அங்கேதான் இருந்தது. சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழு இசைவும் வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி கூறுகின்றது (எண் 1859). அறியாமை, கவனமின்மை, அச்சம், பழக்கம் முதலியன ஒருவரின் பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்றும் அது கூறுகின்றது (எண் 1735).

வாசலில் பதுங்கியிருப்பது

அப்படியானால், "கை தானாக ஓங்கிவிட்டது, நான் என்ன செய்வேன்?" என்று கூறித் தப்பிக்கொள்ளலாமா? மேற்கூறிய அனைத்தையும் ஒரு சாட்டாகப் பயன்படுத்தும் ஆபத்து நமக்கு உண்டு. ஆகவே, மேலும் இரண்டு உண்மைகளை நோக்குவோம்.

முதலாவது, நிறுத்தும் ஆற்றல். உந்துதல் எங்கிருந்து எழுந்தாலும், அதனை உணர்ந்த பின்னர் அசைவதற்கு முன்னர் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதில் மனிதர் "வேண்டாம்" எனலாம் என்பது லிபெட்டின் கருத்து. பத்துக் கட்டளைகளுள் பெரும்பாலானவை "செய்யாதே" என்றே அமைந்திருப்பதையும் அவர் சுட்டினார். 2016இல் பேர்லின் நகர ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். மூளையின் ஆயத்தத்தைக் கணினி கண்டுகொண்டதும் சிவப்பு விளக்கு எரியும். உடனே காலசைவை நிறுத்த வேண்டும். ஆயத்தம் தொடங்கிய பின்னரும் மக்களால் நிறுத்த முடிந்தது. ஆனால் அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் என்ற எல்லையைத் தாண்டிய பின்னர் முடியவில்லை.

காயினுக்கு ஆண்டவர் கூறியதை நினைவுகூருங்கள் (தொடக்கநூல் 4:7). பாவம் வாசலில் பதுங்கியிருக்கின்றது. அது உன்மேல் வேட்கை கொண்டுள்ளது. நீயோ அதனை அடக்கியாள வேண்டும் என்பது அதன் கருத்து. கோபம் எழுந்ததற்காகக் காயின் தண்டிக்கப்படவில்லை. கோபம் எழுந்திருந்தபோதே ஆண்டவர் அவனை எச்சரித்தார். அவன் அந்த எச்சரிக்கைக்குச் செவிகொடாமல், சகோதரனை வயல்வெளிக்கு அழைத்துச் சென்றான்.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. லிபெட்டின் சோதனையில் அமர்ந்தவர்கள் உண்மையில் எப்போது தீர்மானித்தார்கள்? ஆய்வுக்கு வரச் சம்மதித்த அன்றே தீர்மானித்தார்கள். அறிவுறுத்தலைக் கேட்டு, "சரி, மணிக்கட்டை அசைக்கிறேன்" என்று ஏற்றபோது தீர்மானித்தார்கள். பின்னர் நிகழ்ந்த 40 அசைவுகளும் அந்த ஒரு சம்மதத்தின் பிள்ளைகள். நம் வாழ்விலும் அவ்வாறே. பிள்ளையின் மீது கை ஓங்கிய அந்தக் கணத்தில் ஒரு தந்தைக்குச் சுதந்திரம் மிகக் குறைவாகவே இருந்திருக்கலாம். ஆனால் மாலையில் மதுச்சாலைக்குச் செல்லும் வழியைத் தெரிந்தபோது அவருக்குச் சுதந்திரம் இருந்தது. முதன்முறை அடித்த பின்னர் மன்னிப்புக் கேட்காமல் உறங்கச் சென்றபோதும் இருந்தது. "அடித்தால்தான் திருந்துவான்" என்ற பேச்சுக்குத் தலையசைத்தபோதும் இருந்தது. அடிபட்ட பிள்ளைக்குத் தந்தையின் மூளையில் எத்தனை மில்லிசெக்கனில் என்ன நிகழ்ந்தது என்பது தேவையில்லை. நாளை அது மீண்டும் நிகழாது என்ற உறுதியே தேவை. அந்த உறுதியைத் தருவதற்கு வேண்டிய சுதந்திரம் தந்தைக்கு இன்றும் உண்டு.

நற்பழக்கத்திற்கும் இதுவே பொருந்தும். பேருந்தில் எண்ணாமலே சிலுவை அடையாளம் வரைந்த அந்தக் கையைப் பொருளற்றதாகக் கொள்ள வேண்டாம். குழந்தைப் பருவத்தில் அம்மாவோ அம்மம்மாவோ அந்தச் சிறு கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக் கற்பித்த நாளிலிருந்து, ஆயிரம் முறை விரும்பிச் செய்ததனால் அது தானாகச் செய்கின்றது. புண்ணியங்களையும் திருச்சபை இவ்வாறே புரிந்துகொள்கின்றது. நன்மையை மீண்டும் மீண்டும் தெரிவு செய்பவரிடத்தில் நன்மை இயல்பாகின்றது.

பிறருடைய உள்ளம்

தம் உள்ளத்தையே முற்றாகக் காண முடியாத மனிதர், பிறர் உள்ளத்தைப் பற்றி மிகுந்த உறுதியோடு பேசுவது வியப்புக்குரியது. "அவன் வேண்டுமென்றே என்னைப் பார்க்காமல் போனான்." "அவமானப்படுத்தும் நோக்கத்தோடுதான் திருமண அழைப்பிதழைப் பிந்தி அனுப்பினார்கள்." "வேலிக் கட்டையை நகர்த்தியது திட்டமிட்ட வேலை." இத்தகைய வாக்கியங்களின் மீது எத்தனை குடும்பங்கள் பிளவுண்டு நிற்கின்றன! ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில், வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்து, சமாதான வாழ்த்தின்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உடன்பிறப்புகள் நம் பங்குகளில் இல்லையா?

செயலை மதிப்பிட நமக்கு உரிமையும் கடமையும் உண்டு. வேலி நகர்ந்திருந்தால் அதனைப் பேசித் தீர்க்க வேண்டும். அநீதி நிகழ்ந்திருந்தால் அதற்கு நீதி கேட்க வேண்டும். ஆனால் நோக்கத்தைத் தீர்ப்பிடுவது வேறு. புனித பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரிந்தியர் 4:3-5), பிறர் தம்மைத் தீர்ப்பிடுவது பற்றித் தாம் கவலைப்படுவதில்லை என்பதோடு, தமக்குத் தாமே தீர்ப்பளிப்பதும் இல்லை என்கின்றார். தமக்கெதிராகத் தம் மனச்சாட்சியில் குற்றமேதும் தென்படவில்லை, ஆனால் அதனால் தாம் குற்றமற்றவராகிவிடுவதில்லை, ஆண்டவரே தீர்ப்பளிப்பவர், இருளில் மறைந்துள்ளவற்றையும் உள்ளங்களின் நோக்கங்களையும் அவரே வெளிப்படுத்துவார் என்பது அவர் போதனையின் சாரம். தம்மையே தீர்ப்பிட அஞ்சிய அத்திருத்தூதர் முன்னிலையில், அயலவரின் நோக்கத்தைத் தீர்ப்பிடும் நம் துணிவு எத்தகையது?

இன்றிரவு ஐந்து நிமிடங்கள்

தன்னை அறிவது கடினம் என்பதால் அம்முயற்சியைக் கைவிடலாமா? கூடாது. லொயோலா புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்னும் நூல் 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் அங்கீகாரத்தைப் பெற்றது. அதில் அவர் கற்பிக்கும் நாளாந்த ஆன்ம பரிசோதனையின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் இறைவனுக்கு நன்றி கூறுதல். இரண்டாவதாக, தன் பாவங்களை அறிவதற்கான அருளைக் கேட்டல். அதன் பின்னரே நாளின் ஒவ்வொரு வேளையையும் ஆராய்தல். பின்னர் மன்னிப்பு வேண்டுதல். இறுதியாகத் திருந்த உறுதி கொள்ளுதல். ஒளியைக் கேட்காமல் ஆராயத் தொடங்க வேண்டாம் என்பதே இவ்வொழுங்கின் பொருள். நம் கண்ணை மட்டும் நம்பி உள்ளே நுழைந்தால், ஒன்றில் நம்மை நியாயப்படுத்துவோம். அல்லது நம்மை வதைப்போம்.

அவர் இன்னொரு சிறு வழியையும் தருகின்றார். திருத்த விரும்பும் ஒரு குறிப்பிட்ட குறையில் விழுந்த ஒவ்வொரு முறையும், கையை மார்பில் வைத்து உள்ளத்தில் வருந்த வேண்டும். பலர் நடுவே இருந்தாலும் எவரும் அறியாமல் இதனைச் செய்யலாம். முதற் சில நாட்களில், கடுஞ்சொல் கூறி நெடுநேரம் சென்ற பின்னரே கை மார்புக்குச் செல்லும். பழகப் பழக, சொல் வாயிலிருந்து வெளிவரும்போதே நினைவு வரும். சில வேளைகளில், சொல் பிறக்கும் முன்னரே வரும். நம் உள்ளத்தின் அசைவுகளை ஒரு கணத்தில் அளக்க முடியாவிடினும், இவ்வாறு நாளடைவில் அவற்றோடு பழக்கமாகலாம்.

இறுதியாகப் புனித பேதுருவைப் பாருங்கள். இராவுணவுக்குப் பின்னர், எல்லாரும் இடறி விழுந்தாலும் தாம் விழப் போவதில்லை என்று அவர் உறுதி கூறியபோது, அவர் பொய் கூறவில்லை. தம் நோக்கம் அதுவே என்று உண்மையாகவே நம்பினார். ஆனால் சேவல் கூவும் முன் மும்முறை மறுதலித்தார். அவரைவிட ஆண்டவர் அவருடைய உள்ளத்தை நன்கு அறிந்திருந்தார். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடலோரத்தில் மும்முறை "அன்பு செய்கிறாயா?" என்னும் பொருள்பட வினவியபோது (யோவான் 21:15-17), பேதுரு பழைய உறுதிமொழியை மீண்டும் கூறவில்லை. ஆண்டவர் எல்லாவற்றையும் அறிந்தவர் என்றும், தாம் அவரை அன்பு செய்வது அவருக்கே தெரியும் என்றும் மட்டும் கூறினார். தம் உள்ளத்தைப் பற்றிய சாட்சியத்தை அவர் ஆண்டவரிடமே ஒப்படைத்துவிட்டார். அப்படிப்பட்டவரிடமே ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தார்.

இன்றிரவு, வீட்டில் செபமாலை முடிந்த பின், விளக்கை அணைக்கும் முன்னர் ஐந்து நிமிடங்கள் அமைதியாக அமர்ந்திருங்கள். இன்று உங்கள் கையும் நாவும் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஏன் செய்தோம் என்று உடனே விடை கூற முயல வேண்டாம். "ஆண்டவரே, என் நோக்கத்தை நீர் அறிவீர், எனக்கும் அதனைக் காட்டும்" என்று கேளுங்கள். அவ்வேளையில் யாருடைய முகம் உங்கள் நினைவுக்கு வருகின்றதோ, நாளைக் காலை அவரோடு முதலில் பேசுங்கள்.